சந்தா கட்டுகிறார்கள், கூட்டத்துக்கு வருவதில்லை

ஸ்டேஷனரி கடை | ஆகஸ்ட் 3, 2025, இரவு 10.50

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு நகராட்சி ஊர். கடைவீதிச் சங்கத்தில் 190 கடைகள். செயலாளர் பொறுப்பை ஜூனில் என் தலையில் கட்டிவிட்டார்கள். மாதக் கூட்டத்துக்கு 15 பேர் தாண்டுவதில்லை, அதிலும் 11 பேர் நிர்வாகிகள். வாட்ஸ்அப் குழுவில் சங்கச் செய்தி போட்டால் கும்பிடு பொம்மை வருகிறது, ஆள் வருவதில்லை. நம்ம ஆட்களுக்குப் பொதுக்காரியத்தில் அக்கறை கிடையாது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். இல்லை என்று யாராவது சொன்னால் காரணத்தோடு சொல்லுங்கள்.

பழைய பேரேடு | ஆகஸ்ட் 3, இரவு 11.35

முடிவு தப்பு. இதே 190 பேர் கடையடைப்பு என்றால் காலை ஆறு மணிக்கே ஷட்டரை இறக்கிவிட்டு நிற்பார்கள். மதுரைப் பக்கம் கப்பலூர் டோல்கேட்டை எடுக்கச் சொல்லிச் சுற்று வட்டாரக் கடைக்காரர்கள் எத்தனை தடவை தெருவுக்கு வந்தார்கள் என்று ஊரே பார்த்தது. அக்கறை இருக்கிறது. உங்கள் செய்தியில்தான் சரக்கு இல்லை.

குழுவில் போட்டதை எடுத்துப் பாருங்கள். "அன்புடையீர் வணக்கம். நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டம் நடைபெற இருப்பதால் உறுப்பினர்கள் அனைவரும் தவறாது கலந்துகொண்டு சிறப்பிக்குமாறு..." இப்படித்தானே? போனைத் திறக்காமல் மேலோட்டமாகப் பார்த்தால் முதல் இரண்டு வரிதான் தெரியும். அந்த இரண்டு வரியையும் அன்புடையீரும் வணக்கமும் தின்றுவிடுகின்றன. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் ஒரு கையால் மீதிச் சில்லறை கொடுத்துக்கொண்டே பார்க்கிறார். அவருக்கு முதல் வரியில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: என்ன, எந்தக் கடைக்கு, எந்தத் தேதிக்குள். இரண்டாவது வரியில் என்ன கொண்டுவர வேண்டும். மூன்றாவதில் விட்டால் என்ன நஷ்டம். அதோடு நிறுத்துங்கள். வணக்கத்தைக் கடைசியில் வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

பழைய பேரேடு | ஆகஸ்ட் 4, காலை 7.10

நேரத்தைப் பற்றி எழுத விட்டுப்போனது. இரவு எட்டரைக்குக் கூட்டம் வைத்தால் வியாபாரம் கெடும், பத்து மணிக்கு வைத்தால் கல்லா எண்ணி முடித்த மனுஷன் வீட்டுக்குப் போகத்தான் பார்ப்பான். சின்ன ஊர்க் கடைவீதியில் கை ஓய்கிற நேரம் மத்தியானம் இரண்டே முக்காலிலிருந்து நாலு வரை. முகூர்த்த நாள், அமாவாசை, ஊர்ச் சந்தை நாள் மூன்றையும் தள்ளிவிடுங்கள். மதுரை கீழமாசி வீதிக்கும் வெண்கலக் கடைத் தெருவுக்கும் சரக்கெடுக்கப் போகிற நாளும் வேண்டாம், காலையில் போனவர் லோடு ஏற்றித் திரும்ப மத்தியானம் தாண்டும். ஆவணி 17ஆம் தேதி பிறக்கிறது, அப்புறம் முகூர்த்தம் நெருக்கும். அதற்குள் ஒரு கூட்டம் முடித்துவிடுங்கள்.

மண்டபம் பிடிக்காதீர்கள். கடைவீதி நடுவிலேயே ஒரு கடை வாசலில் இருபது நாற்காலி போதும். கடையை விட்டு ஐம்பது அடிக்குள் கூட்டம் என்றால், பையனைக் கல்லாவில் நிறுத்திவிட்டு வருவார். கூப்பிட்டால் ஓடிப் போய்விட்டும் வருவார்.

ஸ்டேஷனரி கடை | ஆகஸ்ட் 4, இரவு

சரி, 13ஆம் தேதி மூன்று மணிக்கு வைக்கிறேன். ஆனால் வந்தவர்களிடம் என்ன பேசுவது? பொருள் என்று ஒன்று வேண்டுமே.

பழைய பேரேடு | ஆகஸ்ட் 6

பேச வேண்டாம், ஒரு வேலையை முடித்துக் கொடுங்கள். உங்கள் ஊருக்கு முதல் வேலை தராசு முத்திரை முகாம், அதாவது அரசு ஆய்வாளர் வந்து தராசுகளைச் சோதித்து முத்திரை போடும் நாள். மளிகை, காய்கறி, பழம், பூ, இறைச்சி, எவர்சில்வர், பழைய இரும்பு என்று கடைவீதியில் பாதிப் பேருக்கு வேலை வைக்கும் விஷயம். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷம் ஒரு முறை மறுமுத்திரை. எடைக்கல்லுக்கும் விட்டத் தராசுக்கும் இரண்டு வருஷம். தனித்தனியாக அலைந்தால் ஒவ்வொருவருக்கும் அரை நாள் வியாபாரம் போகும். தொழிலாளர் துறையில் உங்கள் பகுதி முத்திரை ஆய்வாளருக்குச் சங்கத்தின் லெட்டர்பேடில் கடிதம் கொடுத்துத் தேதி கேளுங்கள். கடிதத்தோடு பட்டியலும் போக வேண்டும்: கடை பெயர், தராசின் கொள்ளளவு, கம்பெனி, சீரியல் எண், பழைய முத்திரை தேதி. பட்டியல் இல்லாமல் "சுமார் அறுபது தராசு" என்று எழுதினால் பதில் சுமாராகத்தான் வரும்.

முகாம் சொதப்புவது எல்லா ஊரிலும் ஒரே இடங்களில்தான். சாக்கில் கட்டிக் கொண்டுவருவார்கள், மேல்தட்டு கடையிலேயே கிடக்கும். பேட்டரி இறங்கியிருக்கும், சார்ஜர் வீட்டில் இருக்கும். போன வருஷச் சான்று எங்கே என்றால் சாமி படத்துக்குப் பின்னால் என்பார்கள். எல்லாவற்றையும் விட மோசம், பேட்டரி மாற்ற வந்த மெக்கானிக் ஈய சீலை உடைத்துத் திறந்திருப்பான். சீல் உடைந்த தராசை உரிமம் பெற்ற ரிப்பேர்காரரிடம் காட்டிய பிறகுதான் முத்திரைக்குக் கொண்டுபோக வேண்டும். இதை முகாமுக்கு ஒரு வாரம் முன்பே குழுவில் போட்டோவோடு போடுங்கள்: "தராசைக் கவிழ்த்துப் பாருங்கள், கம்பியும் ஈயக்கட்டியும் இருக்கிறதா?" இந்த ஒரு வரிக்கு வருகிற பதிலை உங்கள் பழைய அழைப்பிதழ்களுக்கு வந்த கும்பிடுகளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கடையிலேயே முன்சோதனை செய்யலாம். 30 கிலோ, 5 கிராம் பிரிவு தராசு என்று வையுங்கள். முதலில் நீர்மட்டக் குமிழ் வட்டத்துக்கு நடுவில் நிற்க வேண்டும், நான்கு கால் திருகையும் திருகிச் சரிசெய்யுங்கள். முத்திரை உள்ள 10 கிலோ கல்லை நான்கு மூலையிலும் மாறி மாறி வையுங்கள். மூலைக்கு மூலை கணக்கு மாறினால் உள்ளே எடையை உணரும் லோட்செல் போயிற்று என்று அர்த்தம். முத்திரையிடும்போது அனுமதிக்கும் பிழை இரண்டரை கிலோ வரை 2.5 கிராம், பத்து கிலோ வரை 5 கிராம், அதற்கு மேல் 7.5 கிராம். இவ்வளவுதான். உப்புப் பாக்கெட்டை வைத்துச் சோதிக்காதீர்கள், கவரின் எடையும் சேர்ந்துகொள்ளும்.

முகாம் இடத்தில் சிமெண்ட் தரை, ஆடாத மேஜை. மேலே மின்விசிறி ஓடினால் தராசில் எண் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். வெயிலுக்கு விசிறி போட்டுவிட்டு "மெஷின் சரியில்லை" என்று சண்டை போட்ட இடங்கள் உண்டு. ஒரு தராசுக்கு ஆறேழு நிமிடம் பிடித்தால் அறுபது தராசுக்கு ஒரு நாள் போகும். தெருவாரியாக டோக்கன் கொடுத்து, டோக்கனிலேயே நேரத்தை எழுதிவிடுங்கள்.

ஜவுளிக்கடை | ஆகஸ்ட் 6

எங்களுக்கும் தராசுக்கும் என்ன சம்பந்தம்? ஜவுளிக்காரன் எதற்கு இந்தக் கூட்டத்துக்கு வர வேண்டும்?

பழைய பேரேடு | ஆகஸ்ட் 6, பத்து நிமிடம் கழித்து

துணி கிழிக்கிற மீட்டர் கோலுக்கும் முத்திரை உண்டு, அண்ணே. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. எடுத்துப் பாருங்கள், நுனி தேய்ந்திருந்தால் கஸ்டமருக்கு லாபமா உங்களுக்கு லாபமா என்றும் தெரிந்துகொள்ளலாம்.

ஜவுளிக்கடை | ஆகஸ்ட் 6

13ஆம் தேதி வருகிறேன்.

பழைய பேரேடு | ஆகஸ்ட் 10

சந்தா. யாரும் கேட்கவில்லை, ஆனால் சங்கம் படுப்பது இங்கேதான். மாதம் நூறு ரூபாய் என்று வைத்து மாதாமாதம் வசூலுக்குப் போனால் பன்னிரண்டு தடவை "அப்புறம் வாங்க" கேட்க வேண்டும். வருஷத்துக்கு 1,200 ரூபாயைச் சித்திரையில் ஒரு தவணை, புரட்டாசிக்கு முன் ஒரு தவணை என்று இரண்டாகப் பிரித்தால் வசூல் சுலபம். தீபாவளிக்கு முந்தின வாரம் சந்தா கேட்டுப் போவதும், பசித்தவன் இலையில் கை வைப்பதும் ஒன்று.

நம்ம பக்கத்து மொய் நோட்டைப் பாருங்கள். பேர், ஊர், தொகை மூன்றையும் உரக்க வாசித்து எழுதுகிறார்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்தின மொய்யைக்கூட நோட்டைப் புரட்டித் திருப்பிச் செய்கிற ஊர் இது. சந்தாவையும் அப்படிச் செய்யுங்கள். கட்டியவர் பெயரைக் கடை எண் வரிசையில் வாராவாரம் குழுவில் போடுங்கள். கட்டாதவர் பட்டியலைப் போடவே கூடாது. வரிசையில் தன் கடை எண் விடுபட்டிருப்பதை அவரவர் பார்த்துக்கொள்வார்.

ரசீதை இரட்டைப் பிரதியாக அடியுங்கள், புத்தகத்துக்கும் எண் வேண்டும், தாளுக்கும் எண் வேண்டும். எந்தப் புத்தகம் யார் கையில் என்று ஒரு நோட்டு. மூன்று பேரிடம் மூன்று புத்தகம் கொடுத்துவிட்டு நான்காவதைத் தேடுகிற கதைதான் பொதுவாக நடப்பது.

பழைய பேரேடு | ஆகஸ்ட் 11

மேலே விட்டது: கியூஆர் அட்டை. பொருளாளரின் சொந்த நம்பருக்கு யூபிஐ வாங்காதீர்கள். 190 கடைக்கு 1,200 என்றால் 2,28,000 ரூபாய். அவ்வளவும் அவருடைய சேமிப்புக் கணக்கில் ஓடும், நாளைக்கு அவர்தான் வருமான வரியில் விளக்கம் சொல்ல வேண்டும். சங்கத்தின் பெயரில் பான் எடுங்கள். பதிவுச் சான்று, துணைவிதி, கணக்கு தொடங்கும் தீர்மானத்தின் நகல், கையெழுத்துப் போடுபவர்களின் ஆதார், பான் இவை இருந்தால் வங்கிக் கணக்கு. தலைவர், செயலாளர், பொருளாளரில் யாராவது இருவர் கையெழுத்து என்று வையுங்கள், மூவரும் என்று வைத்தால் ஒருவர் சபரிமலை போனாலே காசோலை நின்றுவிடும்.

ஸ்டேஷனரி கடை | ஆகஸ்ட் 11

பதிவுச் சான்று பற்றிக் கேட்டுப் பார்த்தேன். 2011இல் பதிவு. அப்புறம் எதுவும் தாக்கல் செய்யவில்லை என்கிறார்கள். சின்னச் சங்கத்துக்கு இதெல்லாம் அவசியமா?

பழைய பேரேடு | ஆகஸ்ட் 11

ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம். 20 பேருக்கு மேல் போனால் பதிவு கட்டாயம். வருஷா வருஷம் கணக்கு, உறுப்பினர் பட்டியல், நிர்வாகிகள் மாறினால் அதற்குப் படிவம். நிர்வாகக் குழுவின் காலம் இரண்டு வருஷம். தேர்தல் நடத்தாமல் பழைய ஆட்களே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் வங்கிதான் முதலில் கேட்கும்.

கணக்கர் | ஆகஸ்ட் 12

மேலே உள்ளதில் இரண்டு திருத்தம். 1975ஆம் வருஷத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குழுவின் காலம் அதிகபட்சம் மூன்று வருஷம். துணைவிதியில் இரண்டு என்று போட்டிருந்தால் இரண்டு, சட்டம் இரண்டு என்று சொல்லவில்லை. அடுத்தது, 20 பேர் என்பதோடு முடியவில்லை, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தாண்டினாலும் பதிவு கட்டாயம். 1975இல் வைத்த தொகை, இன்றைக்கு டீச்செலவே அதைத் தாண்டும்.

மார்ச் 31 கணக்கு முடிப்பவர்கள் செப்டம்பர் 30க்குள் மாவட்டப் பதிவாளரிடம் தணிக்கைக் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகி மாறினால் மூன்று மாதத்துக்குள் படிவம் 7. மதுரையில் வடக்கு, தெற்கு என்று இரண்டு பதிவு மாவட்டம், உங்கள் ஊர் எதில் என்று முதலில் பாருங்கள், மாறிப் போய் வரிசையில் நிற்காதீர்கள். துணைவிதி திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: 21 நாள் முன்னறிவிப்பு, வந்து ஓட்டுப் போடுவோரில் நான்கில் மூன்று பங்கு. பதினாலு வருஷப் பாக்கியை ஒரே நாளில் கொட்டாதீர்கள், வருஷவாரியாகத் தனித்தனிக் கட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி முகப்புக் கடிதம்.

பழைய பேரேடு | ஆகஸ்ட் 12

மூன்று வருஷம்தான், கணக்கர் சொல்வது சரி. இரண்டு என்பது பெரும்பாலான துணைவிதிகளில் கிடக்கிற எண், அதையே சட்டம் என்று எழுதிவிட்டேன்.

ஸ்டேஷனரி கடை | ஆகஸ்ட் 14

நேற்று 41 பேர். முகாமுக்கு 57 தராசு, 6 மீட்டர் கோல் பதிவாகியிருக்கிறது. கூட்டத்தில் இரண்டு விஷயம் கிளம்பிவிட்டது: கேமரா, வாடகைக்கு ஜிஎஸ்டி. இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரியாமல் அடுத்த கூட்டம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பழைய பேரேடு | ஆகஸ்ட் 14

தெரியாது என்று சொல்லி அடுத்த தேதி கொடுத்ததே நல்ல வேலை.

கேமரா: கடைவீதிக்கு எட்டு கேமரா, ஒரு ரெக்கார்டர், 2 டிபி ஹார்ட் டிஸ்க். ஒரு மாதப் பதிவு நிற்கும். எந்தக் கடையில் ரெக்கார்டர் என்பதில்தான் சண்டை வரும், குலுக்கிப் போடாதீர்கள், முதல் மாடியில் இருக்கும் கடையாகப் பாருங்கள், ஷட்டரை உடைத்து வருபவன் ரெக்கார்டரைத்தான் முதலில் தூக்குவான்.

பழைய பேரேடு | ஆகஸ்ட் 15

ஒரு மாதம் என்று எழுதியது தவறு. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவானால் நாளுக்கு 21.6 ஜிபி. எட்டுக்கு 173 ஜிபி. 2 டிபியில் பதினோரு நாள்தான் நிற்கும். 4 டிபி போட்டால் இருபத்திமூன்று நாள். நம்மவர்கள் திருட்டை உணர்வது ஸ்டாக் எடுக்கும்போது, அதாவது இரண்டு வாரம் கழித்து. ஆகவே 4 டிபி.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று. கடைவீதியில் பாதிப்பேர் இரவு மெயினை இறக்கிவிட்டுத்தான் ஷட்டரைப் பூட்டுவார்கள், தீப்பிடிக்கும் என்ற பயம், நியாயமான பயம். கேமராவுக்கு அந்தக் கடையிலிருந்து கரண்ட் எடுத்திருந்தால் பகல் முழுக்கக் கூட்டத்தைப் படம் பிடித்துவிட்டு, ராத்திரி பத்தரைக்குக் கேமராவும் தூங்கப் போய்விடும். மீட்டருக்கு அடுத்து கேமராவுக்கு மட்டும் தனி எம்சிபி சுவிட்ச் வைத்துத் தனி ஒயர் இழுக்கச் சொல்லுங்கள், கடை மெயின் இறங்கினாலும் இது ஓடிக்கொண்டிருக்கும். உரிமம் உள்ள எலக்ட்ரீசியன் செய்யட்டும். கரண்ட் கொடுக்கும் கடைக்காரருக்குச் சந்தாவில் கழித்துக் கொடுங்கள், இல்லையென்றால் மூன்றாம் மாதம் பிளக்கைப் பிடுங்குவார்.

கணக்கர் | ஆகஸ்ட் 16

வாடகை விஷயம் நான் எழுதுகிறேன். 2024 அக்டோபர் 10 முதல், கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராக இருந்து, வாடகைக்கு இருக்கும் கடைக்காரர் பதிவு பெற்றவராக இருந்தால், கடை வாடகைக்கு 18 சதவீதத்தைக் கடைக்காரரே கட்ட வேண்டும். 15,000 வாடகைக்கு 2,700. கிரெடிட் லெட்ஜரிலிருந்து, அதாவது வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியின் கழிவிலிருந்து, கட்ட முடியாது, பணமாகத்தான். மாத ரிட்டர்னில் 3.1(டி) இடத்தில் காட்டிக் கட்டிவிட்டு, அதே ரிட்டர்னில் 2,700ஐ ஐடிசியாக, அதாவது அந்த வரிக் கழிவாக, எடுத்துக்கொள்ளலாம். பதிவில்லாத உரிமையாளர் பில் தரமாட்டார், அதனால் கடைக்காரர் தன் பெயரிலேயே 30 நாளுக்குள் சுய இன்வாய்ஸ் போட வேண்டும். இதை யாரும் போடுவதில்லை, ஆடிட்டில் மாட்டுவது இங்கேதான்.

காம்போசிஷனில், அதாவது விற்பனையில் ஒரு சின்னச் சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டத்தில், இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் இது கிடையாது. அவர்களுக்கு ஐடிசி இல்லாததால் 18 சதவீதமும் கையைக் கடித்தது, வணிகர் சங்கங்கள் விடாமல் கேட்டதில் விலக்கு வந்தது. ஜிஎஸ்டி எண்ணே இல்லாத கடைக்கு இந்தப் பேச்சே இல்லை.

பழைய பேரேடு | ஆகஸ்ட் 16

செயலாளர் கவனிக்க: மேலே உள்ளதை அப்படியே குழுவில் போடாதீர்கள். மூன்று வரியாக உடையுங்கள். "ஜிஎஸ்டி எண் இல்லையா? உங்களுக்கு இல்லை. காம்போசிஷனா? உங்களுக்கும் இல்லை. ரெகுலரா, உங்கள் ஓனருக்கு ஜிஎஸ்டி எண் இல்லையா? உங்கள் கணக்கரிடம் சுய இன்வாய்ஸ் போட்டாரா என்று இன்றே கேளுங்கள்." யாருக்கு இல்லை என்பதை முதலில் சொன்னால் மற்றவர்கள் நிம்மதியாகப் போனை வைப்பார்கள், மாட்டுகிறவர் மட்டும் கூட்டத்துக்கு வருவார்.

பாத்திரக்கடை | ஆகஸ்ட் 19

சாக்கடை அடைப்பைப் பற்றி யாரும் எழுதவில்லையே. நல்ல மழை பெய்தால் எங்கள் வரிசையில் எவர்சில்வர் குடமெல்லாம் மிதக்கிறது.

பழைய பேரேடு | ஆகஸ்ட் 19

இப்போது வார்டு வார்டாக "உங்களுடன் ஸ்டாலின்" முகாம் நடக்கிறது, மனுவுக்கு 45 நாளில் தீர்வு என்று அறிவித்திருக்கிறார்கள். அறுபது பேர் கையெழுத்துப் போட்ட ஒரே மனுவை விட, அடைப்பு இருக்கும் ஆறு இடத்துக்கு ஆறு மனு நல்லது. ஒவ்வொன்றுக்கும் தனி எண் கிடைக்கும், ஒன்றை முடித்துவிட்டு மொத்தமும் முடிந்தது என்று மூட முடியாது. மனுவில் "கடைவீதி முழுவதும்" என்று எழுதாதீர்கள். வார்டு எண், எந்தக் கடை வாசலிலிருந்து எந்தக் கடை வாசல் வரை, எத்தனை அடி நீளம், ஒரு போட்டோ.

கூடவே ஒரு கசப்பு. அடைப்பை எடுக்க ஆள் வரும்போது சாக்கடை மேல் போட்ட கடப்பாக் கல்லையும் அதன் மேல் அடுக்கிய சரக்கையும் யார் நகர்த்துவது? குடம் மிதப்பதற்குப் பாதிக் காரணம் அந்தக் கல்தான். இதைக் கூட்டத்தில் சொன்னால் பாதிப்பேர் எழுந்து போவார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும்.

பாத்திரக்கடை | ஆகஸ்ட் 19

என் கல்லை எடுத்துக்கொள்கிறேன். பக்கத்துக் கடைக்கு யார் சொல்வது?

பழைய பேரேடு | செப்டம்பர் 5

முந்தாநாள் ராத்திரி ஜிஎஸ்டி கவுன்சில் அறிவிப்பு வந்ததிலிருந்து குழுக்களில் ஒரே பொய்ப் பட்டியல். இந்த நேரத்தில் சங்கம் ஒரு சரியான தாளைக் கொடுத்தால் அடுத்த ஒரு வருஷத்துக்கு உங்கள் செய்தியைத் திறந்து படிப்பார்கள். செப்டம்பர் 22 முதல் அமல். உங்கள் கடைவீதிக்கு மட்டும் ஒரு பக்கம் போடுங்கள், நாட்டுக்கெல்லாம் வேண்டாம். குளியல் சோப்புக் கட்டி, ஷாம்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய், பிஸ்கட் 18லிருந்து 5. நெய், வெண்ணெய் 12லிருந்து 5. எவர்சில்வர், பித்தளை, அலுமினியப் பாத்திரம் 12லிருந்து 5. ரெடிமேட் துணி ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. துணி துவைக்கிற பவுடர் 18லேயே நிற்கிறது, சோப்பு என்றால் எல்லாம் 5 என்று மளிகைக்காரர் போட்டுவிடுவார், இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். உங்கள் சொந்தக் கடைக்கு: நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர் வரியே இல்லை. ஜாமெட்ரி பாக்ஸ் 5. பேனா 18.

கணக்கர் | செப்டம்பர் 6

பழைய ஸ்டாக்கைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். 18இல் வாங்கி 5இல் விற்றால் ஐடிசி போய்விடாது, லெட்ஜரில் நின்று மற்ற வரிக்குக் கழியும். ரீஃபண்ட் கிடைக்காது, அவ்வளவுதான். வரியே இல்லாமல் போன பொருளுக்குக் கதை வேறு. நோட்டு, பென்சில் ஸ்டாக்கில் 21ஆம் தேதி இரவு கையிருப்பு எவ்வளவோ அதற்கு எடுத்த ஐடிசியைத் திருப்ப வேண்டும். ஸ்டேஷனரி கடைக்காரர்கள் அன்று ராத்திரி எண்ணி எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுங்கள். மறுநாள் எண்ணினால் வித்தியாசம் வரும்.

பில் சாஃப்ட்வேரில் வரியை மட்டும் மாற்றிவிட்டு விலையை அப்படியே விடுவது இன்னொரு தவறு. வரி உட்பட 100 ரூபாய்க்கு விற்றது 18 சதவீதப் பொருள் என்றால் அடிப்படை விலை 84.75. அதில் 5 சதவீதம் சேர்த்தால் 88.98. பில் 100 என்றே போனால் வித்தியாசம் உங்கள் பையில் விழுந்ததாகத்தான் வாடிக்கையாளர் சொல்வார்.

ஸ்டேஷனரி கடை | செப்டம்பர் 24

தாள் 300 பிரதி அடித்தோம், தீர்ந்துவிட்டது. உறுப்பினரில்லாத 14 கடைக்காரர்கள் வந்து கேட்டு வாங்கினார்கள், அதில் ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். தீபாவளிக்குக் கடைவீதி முழுக்க ஒரு குலுக்கல் நடத்தலாம் என்று குழுவே சூடாக இருக்கிறது. 500 ரூபாய்க்கு ஒரு கூப்பன், முதல் பரிசு ஸ்கூட்டர்.

பழைய பேரேடு | செப்டம்பர் 24

நிறுத்துங்கள். 1979ஆம் வருஷத்துத் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பொருள் வாங்கினால் கூப்பன், கூப்பனில் குலுக்கல், சிலருக்கு மட்டும் பரிசு என்பது அதில் மாட்டும். பெரிய கம்பெனி விளம்பரங்களில் "இச்சலுகை தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது" என்று எறும்பு எழுத்தில் போடுவது எதற்கு என்று நினைத்தீர்கள்? ஸ்கூட்டரை நிறுத்தி ஆர்ச் கட்டினால் முதலில் மாட்டுவது நோட்டீசில் பெயர் போட்ட செயலாளர்.

அதிர்ஷ்டம் இல்லாத சலுகை கொடுங்கள். ஆயிரத்துக்கு மேல் வாங்கும் எல்லோருக்கும் ஒரே பொருள். துணிப்பை. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கேரி பைக்குத் தடை, எப்படியும் பை கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு பக்கம் கடைவீதிப் பெயர், மறுபக்கம் கட்டணம் கட்டிய கடைகளின் பட்டியல். பட்டியலில் இடம் கேட்டு வருகிற கூட்டத்தைப் பாருங்கள்.

ஜவுளிக்கடை | செப்டம்பர் 25

பையில் எழுத்து தமிழில் பெரிதாக வேண்டுமா? கடை போர்டுக்கு 5, 3, 2 என்று ஒரு கணக்குச் சொல்கிறார்களே.

பழைய பேரேடு | செப்டம்பர் 25

அது பெயர்ப் பலகைக்கு: தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3, வேறு மொழி 2, தமிழ்தான் மேலே. பைக்கு அந்தக் கணக்கு இல்லை. ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர் உசிலம்பட்டி பஸ்ஸில் போகிறார், லண்டனுக்குப் போகவில்லை.

பழைய பேரேடு | அக்டோபர் 4

தீபாவளி 20, திங்கள். அதற்கு முந்தின பத்து நாள் கூட்டம் போடாதீர்கள், எவரும் வரமாட்டார். செய்தி மட்டும் நாளுக்கு ஒன்று, காலை ஒன்பதுக்கு முன். மின்தடை, வண்டி நிறுத்தும் இடம், கள்ள நோட்டு, காணாமல் போன பிள்ளையை ஒப்படைக்கும் இடம். பந்தல் போடும் கடைகள் தீயணைப்பு வண்டி நுழையும் அகலம் விட வேண்டும், துணிப்பந்தலுக்குக் கீழே ஃபோகஸ் லைட் கட்டக் கூடாது. கடைக்கு ஒரு தீயணைப்பான், ஊசி பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பார்த்து போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். மாட்டிய நாளிலிருந்து யாரும் நிமிர்ந்து பார்த்திருக்கமாட்டார்கள், சிவப்பில்தான் கிடக்கும்.

இன்னொன்று, வணிகர் நல வாரியம். உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் குடும்ப நல உதவி 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயரும் என்று இந்த வருஷம் மே 5 அன்று மதுராந்தகம் மாநாட்டில் அறிவித்தார்கள். வாரியத்தில் அப்பா பெயரில் பதிவு, மகன் கல்லாவில் என்று இருக்கும் கடைகளைத் தீபாவளி முடிந்ததும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஸ்டேஷனரி கடை | அக்டோபர் 24

2024-25 கணக்கு மட்டும் செப்டம்பர் 30க்குள் பதிவாளரிடம் தாக்கல் ஆகிவிட்டது, பழையது வருஷவாரியாக ஓடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு எழுதிய செய்தி இது, பார்த்துச் சொல்லுங்கள்:

"அன்புடையீர். கேமரா: மேல வரிசை 32 கடை. நவம்பர் 5 புதன் 3 மணி, பாத்திரக்கடை வாசல். கரண்ட் கொடுக்கச் சம்மதிக்கும் கடைகள் மின்கட்டண அட்டை நகல் கொண்டுவரவும். வராத வரிசைக்குக் கேமரா இரண்டாம் கட்டத்தில்தான்."

பழைய பேரேடு | அக்டோபர் 24

முதல் சொல்லை எடுங்கள். நவம்பர் 5 ஐப்பசிப் பௌர்ணமி, சிவன் கோயிலில் அன்னாபிஷேகம், பாத்திரக்கடைக்காரர் வாசலில் இருக்கமாட்டார். 6ஆம் தேதி வையுங்கள்.

பாத்திரக்கடை | அக்டோபர் 24

இருக்கமாட்டேன். பக்கத்துக் கடைக்காரரும் கல்லை எடுத்துவிட்டார், 6ஆம் தேதி நாற்காலி போட இடம் இருக்கிறது.